‘டிவோர்ஸ் கிடைத்துவிட்டது’ என்று சொல்வதற்கு முன்

தங்கச்சியின் வழக்கு முடிந்து கொஞ்சக் காலம் ஆகிறது. அதன்பிறகு ஃபோனில் வழி கேட்பவர்களுக்கு ஒரே கதையைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடப் போன அக்கா மட்டும்தான்.

முதலில் இந்திய யூடியூப் வீடியோக்களை மூடி வையுங்கள். தமிழில் இருக்கிறதே என்று பார்த்து நாங்கள் இரண்டு கிழமையை வீணாக்கினோம். ‘இருவரும் சம்மதித்தால் போதும்’ என்பதெல்லாம் அங்கே. இங்கே இலங்கையில், பொதுச் சட்டத்தில், 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, காரணங்கள் மூன்றுதான்: விபசாரம், தீய நோக்குடன் கைவிடுதல், மணம் முடிக்கும்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ‘ஒத்துவரவில்லை’ என்பது இதில் இல்லை. வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்றும் நினைக்காதீர்கள். மற்றவரை இருக்கவிடாமல் துரத்தியவரும் கைவிட்டவராகலாம்.

படி 1: விவாகச் சான்றிதழ். வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்கொப்பி சரிவராது. உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். எழுத்து, அதாவது விவாகப் பதிவு, திருகோணமலை நகரத்தில் நடந்திருந்தால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பெயரின் எழுத்துகள் அடையாள அட்டையோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

படி 2: எந்த நீதிமன்றம்? தங்கச்சியின் எழுத்து யாழ்ப்பாணத்தில். அங்கேதான் போகவேண்டும் என்று பஸ்ஸுக்கே ஆயத்தமாகிவிட்டோம். தேவையே இல்லை. வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றம் போதும். அவள் உவர்மலையில் எங்களோடு இருந்ததால் திருகோணமலையிலேயே போட்டோம். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

படி 3: அழைப்பாணை. மற்றவரின் சரியான முகவரியைக் கொடுங்கள். அவர் வரவில்லை என்றால் ஒருதலையாக விசாரிப்பார்கள், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

தவணைத் தேதிகளை எழுத ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். ஃபோன் கலண்டரை நான் நம்புவதில்லை, அது தங்கச்சியின் ஃபோனோடு தண்ணீருக்குள் போன நாளிலிருந்து.

படி 4: தீர்ப்பு. நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். நீதிபதி தீர்ப்புச் சொன்னார், வெளியே வந்தோம், அம்மா பத்திரகாளி அம்மன் கோவிலில் அர்ச்சனையும் செய்துவிட்டார். பிறகு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. விவாக அறிவித்தல் கொடுக்க விவாகப் பதிவாளரிடம் போனோம். அவர் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வரியில் பேனாவின் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு, “பிள்ளை, இது நைசை. மற்றது எங்கே?” என்றார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அந்த வரியைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். முதலில் வருவது டிக்ரி நைசை, அதாவது நிபந்தனையோடு வரும் தீர்ப்பு. ஆகக்குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் அதை இறுதித் தீர்ப்பாக்குவார்கள். உதாரணமாக, மார்ச் 10இல் நைசை வந்தால் ஜூன் 10க்கு முன் இறுதித் தீர்ப்பை எதிர்பார்க்காதீர்கள். அதுவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் மணமானவர்தான். இடையில் இன்னொரு எழுத்து வைத்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். மூன்று மாதம் கழிந்ததும் சட்டத்தரணியிடம் நினைவுபடுத்தி, இறுதித் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை இரண்டு மூன்றாகவே எடுத்து வையுங்கள். எங்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் பொறுத்திருந்தார்கள். எல்லா வீட்டாரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

பின்சேர்க்கை: கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். இருவரும் முஸ்லிம்களாக இருந்து முஸ்லிம் முறைப்படி மணம் பதிந்திருந்தால் மேலே சொன்ன வழி உங்களுக்கு இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றத்துக்குப் போகவேண்டும்.

இன்னொன்று: “வழக்கு முடியும்வரை பிள்ளைச் செலவுக்கு என்ன செய்வது?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். காத்திருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம், விவாகரத்து வழக்கே போடாவிட்டாலும்கூட. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள்.