இராமலிங்க விலாசத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்துக்கு வருகிறவர்களில் பலர், ஊர் திரும்பும் வழியில் ரயிலுக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்துக்குள் நுழைகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் இருப்பதால், தீர்த்தமாடிய களைப்போடும் பசியோடும் உச்சிவெயிலில் வந்து சேர்ந்து, வாளையும் துப்பாக்கியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டபடி வெளியேறுகிறார்கள். காலையில் இதற்கென்றே இரண்டு மணி நேரம் ஒதுக்கி வருவது நல்லது. விடுமுறை நாளையும் முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நேரத்தைவிடப் பெரிய தவறு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை மட்டுமே காட்சிப்பொருள் என்று நினைப்பது. மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இந்த அருங்காட்சியகத்தில், போரைப் பற்றி மிகுதியாகப் பேசுவது கட்டடமே. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி எழுப்பிய மண்டபம் இது. அவருக்குப் பின் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தில் சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. இராமாயணக் காட்சிகளோடு, தஞ்சை மராத்தியருக்கும் சேதுபதிக்கும் நடந்த போரும் அங்கே வரையப்பட்டிருக்கிறது. அதை வெள்ளையரை எதிர்த்த போர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதன்முறை போனபோது நானும் அப்படித்தான் சொன்னேன் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, வாசலைத் தாண்டுமுன் மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. அப்போது சிறுவராக இருந்த முத்துராமலிங்க சேதுபதி குடும்பத்தோடு திருச்சிராப்பள்ளியில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் ஆட்சி திரும்பக் கிடைத்தபோதிலும், 1795இல் கம்பெனி அவரை மீண்டும் பதவியிலிருந்து இறக்கிக் கைது செய்தது. 1809இல் சென்னையில் சிறையிலேயே அவர் இறந்தார். மூன்றாவது ஆண்டு 1798. கிஸ்தி என்ற வரியின் பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவைத்து, கடைசியில் செப்டம்பரில் சந்தித்தது இந்த இராமலிங்க விலாசத்தில்தான். பேச்சு கைகலப்பாக முடிந்து, கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பிவிட, அவருடைய காரியஸ்தர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மனைப் பாஞ்சாலங்குறிச்சியோடு மட்டும் சேர்த்தே நினைக்கிறவர்கள், அவர் நின்ற தளத்தின் மேலேயே நடந்து போய்விட்டு, அது தெரியாமல் ஊர் திரும்புகிறார்கள்.

ஆயுதங்களில் பலரும் ஏமாந்து கடந்துபோவது வளரியை. பளபளப்போ வேலைப்பாடோ இல்லாமல், பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை கைப்பிடிக்காக ஒடுங்கியும் இருக்கும் அதைப் பார்த்தவுடன், எறிந்தால் கைக்கே திரும்பிவரும் விளையாட்டுப் பொருளோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். திரும்பிவருவது அதன் வேலை அன்று. ஓடும் மானின் காலையோ, குதிரைமேல் வருகிறவனையோ சுழன்று போய்ச் சாய்ப்பதே அதன் வேலை. கனம் ஒரு முனையில் குவிந்திருப்பதும் அதற்காகத்தான். தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தப்பாமல் அதை எறியும் என்று கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருக்கிறார். அவருக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது; அந்த மருதுவையே எதிர்த்து 1801இல் அவர் போரிட நேர்ந்தது. இவ்வளவும் தெரிந்து பெட்டியின் முன் நிற்பதற்கும், தெரியாமல் நிற்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அங்கே தொங்கும் ஒவ்வொரு வாளும் அரசர் கையில் இருந்தது என்று எண்ணுவதும் கூடாது. பெயர்ப்பலகையில் இருப்பதற்கு மேல் வழியில் கேட்ட கதையைச் சேர்க்காமல், ஐயம் இருந்தால் அங்குள்ள ஊழியரிடமே கேட்கலாம். கூட்டம் இல்லாத நேரத்தில் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

ஓவியச் சுவரில் கைவைப்பதையும், முதுகைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். முந்நூறு ஆண்டுப் பழைய வண்ணம், நம் உள்ளங்கை வியர்வையையும் சட்டையின் உரசலையும் தாங்காது. ஆள் உயரத்துக்குக் கீழே வண்ணம் எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று சற்றுக் குனிந்து பார்த்தால், எத்தனை தோள்கள் அங்கே உரசியிருக்கும் என்பது விளங்கும். படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, அனுமதித்தாலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.