ரிச்சி தெருவில் பழைய சர்வர் வாங்கும் முன்: கையில் ஒரு பென்டிரைவ் இருக்கட்டும்

"லினக்ஸ்தானே, தாராளமா ஓடும் சார்." சென்னை ரிச்சி தெருவில் நான் பழைய சர்வர் வாங்கியபோது கேட்ட வார்த்தை. இரண்டு பேர் பிடித்து மாடியேற்றி, ரெட் ஹேட் லினக்ஸைப் பின்பற்றும் இலவச ஆல்மாலினக்ஸ் 8 போட உட்கார்ந்தால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது. டிஸ்க்கில் குறையில்லை. சர்வரின் பழைய ரெய்டு கார்டுக்கான (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) ஆதரவை ரெட் ஹேட் 8-லேயே எடுத்துவிட்டார்கள். அப்போது ஆல்மாவும் அதே வழி. அதே பெட்டியில் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் மறுபேச்சில்லாமல் ஏறியது.

அதனால் முதல் வேலை: நீங்கள் போடப்போகும் அதே சிஸ்டத்தின், அதே பதிப்பின் லைவ் இமேஜை (இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓடுவது) 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் ஏற்றிக்கொள்ளுங்கள். டெபியன் என்றால் 12 அல்லது அதற்குப் பிந்தையது. அதற்கு முன்பெல்லாம் சில நெட்வொர்க் கார்டுகளுக்கு ஃபர்ம்வேரை (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) தனியாகத் தேடி அலைய வேண்டும்.

கடையிலேயே பூட் செய்யச் சொல்லுங்கள். டெல், எச்பி இரண்டிலும் பெரும்பாலும் எஃப்11. சர்வர் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும், ஃபேன் வேறு கத்தும்; பொறுமை.

அப்புறம் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என அடித்து, ஓர் இடம் விட்டு, சிறுகோடு போட்டு, ஒட்டியே என்என்கே அடியுங்கள் (lspci -nnk). எல்லாம் சின்ன எழுத்து. ஒவ்வொரு கார்டின் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் எண் வரும்: 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1000 என்றால் ரெய்டு கார்டு செய்யும் எல்எஸ்ஐ. அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா? இருந்தால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், ஒட்டிக்கொண்டது. ரெய்டு கார்டிலோ நெட்வொர்க் கார்டிலோ அந்த வரி இல்லையென்றால் உஷார்.

அடுத்து எல்எஸ்பிஎல்கே (lsblk). டிஸ்க் பட்டியல் வரும். டிரைவர் இருந்தும் டிஸ்க் வரவில்லையா? பதறாதீர்கள். ரெய்டு கார்டின் மெனுவில் வால்யூம் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) உருவாக்காமல் விட்டிருப்பார்கள். உருவாக்கித் தரச் சொல்லி மறுபடி பாருங்கள்.

பிராசஸருக்கு எல்எஸ்சிபியு (lscpu) போதும். ரெட் ஹேட் 10 போடுவதாக இருந்தால், பிராசஸரின் வசதிகளைக் காட்டும் ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2 (avx2) இருக்க வேண்டும். இன்டெல் ஜியான் இ5-2670 வி2 போன்ற பழைய பிராசஸர்களில் அது கிடையாது. இ5 வரிசையில் வி3 முதல்தான்.

ரெய்டு கார்டு மட்டும் தகராறு என்றால் பெட்டியையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வேறு கார்டு மாற்றித் தரக் கேளுங்கள், மாற்றியதும் மறுபடி பூட் செய்து பாருங்கள், அதற்குப் பிறகு பணம்.