நாள்பட்ட நரம்பு வலிக்கு டிஎம்எஸ்: முதல் நாள் அளவெடுப்பு

டிஎம்எஸ் என்பது தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை. பக்கவாதத்துக்குப் பிறகோ நரம்பு சேதத்தாலோ வரும் தீராத வலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க மோட்டார் கார்டெக்ஸை (அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி) 10 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 10 துடிப்பாக, தூண்டுவதுதான் நன்கு நிரூபணமான முறை. 2020 ஐரோப்பிய வழிகாட்டி இதற்கு ஏ தரம் (மிக உறுதியான சான்று) கொடுத்திருக்கிறது. மூட்டுத் தேய்மான வலிக்கு அதே உறுதியை எதிர்பார்க்க வேண்டாம். இது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்வது.

முதலில் விசாரணை. காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி), பேஸ்மேக்கர், தலைக்குள் உலோக கிளிப் உண்டா? வலிப்பு வந்ததுண்டா? டிரமடால் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். வலி நோயாளிகளிடம் சகஜமான மாத்திரை. வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்றியாக வேண்டும். கொண்டையோ இறுகிய பின்னலோ இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். முடி அடர்த்தியால் காயில் (துடிப்பு தரும் கம்பிச்சுருள்) தலையிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே மூளையை எட்டும் காந்தப்புலம் கணிசமாகக் குறையும். சத்தம் பலம், காதடைப்பான் நோயாளிக்கும் உங்களுக்கும் வேண்டும்.

இனி இடம் தேடுதல். எட்டு வடிவ காயிலை உச்சியிலிருந்து காதை நோக்கி சுமார் 5 செ.மீ. தள்ளி, பிடி 45 டிகிரி பின்பக்கம் சாய்ந்திருக்க வையுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள புறங்கைத் தசையில் மின்முனை ஒட்டி, காயிலை அரை சென்டிமீட்டராக நகர்த்துங்கள். தசை அதிகம் துடிக்கும் புள்ளியை நோயாளி அணிந்த தொப்பியில் குறியுங்கள். எம்ஆர்ஐ படத்தை வைத்துக் காயிலுக்கு இடம் காட்டும் நேவிகேஷன் கருவி இருந்தால் ஒவ்வொரு அமர்விலும் அதே இடத்துக்குத் திரும்புவது சுலபம்.

பிறகு வாசல் அளவு: 10 காந்தத் துடிப்பில் 5 தடவையாவது அந்தத் தசையில் 50 மைக்ரோவோல்ட் காட்டும் மிகக் குறைந்த விசை. கை தளர்ந்திருக்க வேண்டும். முஷ்டியை லேசாக இறுக்கியிருந்தாலும் வாசல் குறைவாகத் தெரியும். சிகிச்சை விசையும் போதாமல் போகும். பலன் இல்லை என்ற புகார் வந்தால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

சிகிச்சையில் வாசலின் 80%. கருவியில் வாசல் 60 என்றால் 48. பிடியை நடுக்கோட்டுக்கு இணையாகப் பின்னோக்கித் திருப்புங்கள். 10 விநாடி துடிப்பு, 20 விநாடி ஓய்வு, 30 சுற்று: 15 நிமிடத்தில் 3000 துடிப்பு. முதல் வாரம் தொடர்ந்து 5 நாள், பிறகு வாரம் ஒருமுறை, அப்புறம் இரு வாரத்துக்கு ஒருமுறை.

நிவாரணம் அன்றே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே நின்றுவிடுவார். மருந்து மாறினாலோ ராத்தூக்கம் கெட்டிருந்தாலோ பழைய எண்ணை நம்பாமல் வாசலை மறுபடி அளந்த பிறகே தொடங்குங்கள்.