இனம் தெரியாத லோச் குஞ்சுகளை அடையாளம் காணும் முறை

வண்ணமீன் கடைகளில் ‘போட்டியா’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீள லோச் (வாயைச் சுற்றி மீசையுள்ள, நீரின் அடித்தளத்தில் வாழும் சிறு மீன்) குஞ்சுகள் அனைத்தும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை என்று நம்பிவிட முடியாது. இவற்றுள் பல இன்றும் ஆறுகளில் பிடிக்கப்பட்டே சந்தைக்கு வருகின்றன. ஒன்றாக அகப்பட்ட வெவ்வேறு இனக் குஞ்சுகள் பிரிக்கப்படாமலேயே கடைத்தொட்டி வரை வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, உடலின் பட்டைகளும் புள்ளிகளும் மீன் வளர வளர மாறுகின்றன. ஆகவே, வயதால் மாறாத உறுப்புகளை முதலில் பார்த்து, நிறக்கோலத்தைக் கடைசியில் கணக்கில் கொள்வதே சரியான வரிசையாகும்.

வாங்கும்போதே அந்த மீன்கள் எந்த வழியாக வந்தன என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கொல்கத்தா வணிகர்கள் வழியாக வந்தவை எனில் போட்டியா அல்மோரே, போட்டியா டாரியோ, போட்டியா ரோஸ்ட்ராட்டா ஆகியவற்றை முதலில் கருதலாம். பாங்காக் வழியாக வந்தவை எனில் மியான்மர் ஆறுகளின் இனங்களுக்கு வாய்ப்பு அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கர்நாடக, மகாராஷ்டிர ஆறுகளிலிருந்து வருவது ஜீப்ரா லோச் எனப்படும் போட்டியா ஸ்ட்ரையாட்டா. வந்த வழி ஓர் இனத்தை உறுதிப்படுத்தாது. ஆனால் ஐயத்தின் எல்லையைக் குறுக்கிவிடும்.

அடுத்தது படம் எடுத்தல். போட்டியா உள்ளிட்ட பல லோச்சுகளின் கண்ணுக்குக் கீழே, ஆபத்து நேரும்போது விரியும் முள் ஒன்று உண்டு. அது வலைக்கண்ணில் சிக்கினால் மீன் காயப்படும், சில வேளைகளில் பிளாஸ்டிக் பையையும் விரலையும்கூடக் குத்திவிடும். எனவே வலையைத் தவிர்த்து, தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் மொண்டு, குறுகிய கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அருகில் அளவுகோல் வைத்து, பக்கவாட்டில் நேராகப் படம் எடுக்க வேண்டும். அஞ்சிய மீனும் சண்டையிடும் மீனும் நிறம் வெளுத்துப் பட்டைகள் மங்கித் தெரியும் என்பதால், மீன் அமைதியடையும் வரை காத்திருப்பது அவசியம்.

படத்தைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே அந்த முள் படிந்திருக்கும் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், வாயைச் சுற்றி மூன்று இணை மீசைகள் மட்டும் இருந்தால், அது ஸ்கிஸ்டுரா போன்ற ஓடை லோச்சாக இருக்கலாம். முள் இருந்து, உடல் மெலிந்து நீண்டு, மணலில் புதையும் பழக்கமும் இருந்தால், மதுரைப் பக்கம் குழம்புக்குப் பெயர்பெற்ற அயிரையின் குடும்பத்தை நினைக்க வேண்டும். முள்ளோடு, பக்கவாட்டில் தட்டையான உயரமான உடலும் பிளவுபட்ட வால்துடுப்பும் இருந்தால் போட்டியா குடும்பம். அதிலும் மூக்கு நீண்டு உடல் ஒடுங்கியிருந்தால் சின்கிராஸஸ் பேரினமாக இருக்கக்கூடும். அவை வளர்ந்தபின் சக மீன்களைக் கடுமையாகத் துன்புறுத்துபவை. ஆதலால் இந்த ஒரு வேறுபாட்டை மட்டுமாவது பொதுத்தொட்டியில் விடுவதற்கு முன் தீர்த்துக்கொள்ளும்படி வலியுறுத்துகிறேன்.

இனி நிறக்கோலம். ஜீப்ரா லோச்சில் மெல்லிய பட்டைகள் நெருக்கமாகப் பல இருக்கும். டாரியோவில் பொன்மஞ்சள் உடலில் சில அகன்ற கரும்பட்டைகள் தெளிவாகத் தெரியும். இவ்விரண்டிலும் குழப்பம் குறைவு. உண்மையான சிக்கல் ரோஸ்ட்ராட்டா, ஹிஸ்டிரியோனிகா, அல்மோரே, குபோடாய் ஆகிய நான்கின் குஞ்சுகளில்தான் எழுகிறது. ‘யோயோ’ என்று விற்கப்படும் அல்மோரேயின் ஆங்கில எழுத்துப் போன்ற கோலம் இளமையில் துலக்கமாக இருந்து, வயதேற வேறு கிளைகளாகச் சிதறுகிறது. ரோஸ்ட்ராட்டாவின் பட்டைகள் இரட்டையாக நின்று, இடையில் ஏணிப்படிகள் போன்ற இணைப்புகளைப் பெறுகின்றன. குபோடாய் குஞ்சில் கரிய உடல்மீது பெரிய வெளிர்மஞ்சள் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். இது ‘ஏஞ்சலிகஸ்’ என்னும் வணிகப் பெயரில் விற்கப்பட்ட பிறகே, 2004இல் மீன் ஆய்வாளர் மாரிஸ் கோட்டெலாட் அதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார். தென் மியான்மரின் போட்டியா உடோம்ரித்திருஜிக்கு 2007இல்தான் பெயர் கிடைத்தது. பழைய கையேடு ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடுபவருக்கு இந்த இனங்கள் அகப்படவே மாட்டா.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் நீடித்தால், மாதம் ஒரு முறை அதே பெட்டியில், அதே பக்கத்தைப் படம் எடுத்துத் தேதியிட்டுச் சேர்த்து வாருங்கள். பட்டைகள் எங்கே பிளக்கின்றன, எங்கே இணைகின்றன என்பதை அந்த வரிசையே காட்டும்; ஒற்றைப் படத்தை விட அதற்கு மதிப்பு மிகுதி. அதுவரை குறிப்பேட்டில் ‘போட்டியா, ரோஸ்ட்ராட்டாவை ஒத்தது’ என்பதைப் போல எழுதி, வந்த வழியையும் வாங்கிய நாளையும் சேர்த்துவிடுங்கள். மீனைப் பிறருக்குக் கொடுக்கும்போது ஊகப்பெயரை உறுதிப்பெயராக மாற்றாமல், அந்தக் குறிப்பை அப்படியே உடன் கொடுக்க வேண்டும்.