ரோமானியக் காசா? முகத்தை அப்புறம் பார்க்கலாம்

பழைய ரோமானியக் காசு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது "இது எந்தப் பேரரசர்?" என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முதலில் எடை, அகலம், உலோகம். வெள்ளி, 18-19 மில்லிமீட்டர், 3 முதல் 4 கிராம் என்றால் பெரும்பாலும் டெனாரியஸ். பித்தளையில் 25 கிராம் பக்கம் வந்து கையில் கனத்தால் செஸ்டெர்ஷியஸ். வெள்ளி வெளுத்துச் செம்பு எட்டிப் பார்க்கிற காசில், தலையில் கூர்கூரான கதிர்க் கிரீடம் இருந்தால் அன்டோனினியானஸாக இருக்கலாம். கி.பி. 215 வாக்கில் பேரரசர் கராகல்லா தொடங்கிவைத்த வகை அது. அதே கிரீடம் டுபோண்டியஸிலும் உண்டு, ஆனால் அது கனமான பித்தளைக் காசு.

சரி, எழுத்துக்கு வருவோம். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விளக்கின் கீழ் காசைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள், நேர் வெளிச்சத்தில் மழுங்கலாகத் தெரிந்த எழுத்து நிழல் விழுந்து எழும்பி வரும். இடது கீழ் ஓரத்தில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் படியுங்கள். 'யு' இருக்காது, அந்த இடத்தில் 'வி'தான். 'ஐஎம்பி' (IMP), 'ஏவிஜி' (AVG) எல்லாம் பட்டங்கள், ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, பெயர் நடுவில் ஒளிந்திருக்கும். 'டிஎன்' (DN) என்று தொடங்கினால் பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ. 'டிஆர்பி'க்குப் (TRP) பின்னால் எண் இருந்தால் அதிர்ஷ்டம்தான், அது பேரரசரின் ட்ரிப்யூன் அதிகாரத்துக்கான ஆண்டுக் கணக்கு, ஆண்டுக்கு ஆண்டு கூடும், காசின் வயதே கிடைத்துவிடும்.

நம் கையில் அதிகம் சிக்குவது நகத்தளவு பழுப்புக் காசுதான். அதில் முகங்கள் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பூப் பக்கம்தான் கதி. இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடி: கொடி இரண்டு என்றால் 330 முதல் 335 வரை, ஒன்று என்றால் அதற்குப் பிறகு. அவர்கள் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்து, காசு அடித்த அக்கசாலை எந்த ஊர் என்று சொல்லும். 'டிஆர்' (TR) என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரையர், 'எஸ்ஐஎஸ்' (SIS) என்றால் இன்றைய குரோஷியாவில் இருந்த சிஸ்கியா. 'சிஓஎன்எஸ்' (CONS) கான்ஸ்டான்டினோபிள், ஆனால் கடைசியில் ஒரு 'டி' (T) ஒட்டிக்கொண்டிருந்தால் அது இன்றைய பிரான்சின் ஆர்ல் நகரம்! நானே இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

தயவுசெய்து எலுமிச்சை, வினிகர் போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்பு போகட்டும் என்று ஒரு காசைத் தேய்த்தேன். களிம்போடு எழுத்தும் போய்விட்டது, மிச்சம் ஒரு மூக்கு மட்டும்.