பதினோரு மணி நடுக்கம் நின்றது

குழந்தைக்கு மூன்றாவது மாதம். கோத்தகிரிக் குளிரில் விடியற்காலை பால் கொடுத்துவிட்டு எழுந்தால் சூடாக ஒரு டீ, மைதாவில் செய்த மொறுமொறு வர்க்கி இரண்டு. அதுதான் என் காலைச் சாப்பாடு. பதினோரு மணிக்குள் கை நடுங்கும். பிள்ளையைத் தூக்கவே பயம்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதைத் தின்னு எப்படிம்மா பால் குடுப்பே?" என்றார். நியாயம்தான். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். மைதாவும் சர்க்கரையும் சீக்கிரமே கரைந்துபோகும்.

அப்புறம் ராகிக்கு மாறினேன். முந்தின இரவே மாவைக் கரைத்து வைத்து, காலையில் அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, ஆறியதும் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு இரண்டு டம்ளர். கூடவே அவித்த முட்டை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மதியம் சோற்றைக் குறைத்து, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை, கேரட் பொரியல். கட்டில் பக்கத்தில் வறுத்த வேர்க்கடலை டப்பாவும் ஒரு சொம்பு வெந்நீரும். ராத்திரிப் பாலுக்கு எழும்போது பெரிய உதவி.

டீயை விடவில்லை. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடித்தேன். பத்து நாளில் நடுக்கம் நின்றது.