நேற்றைய பில் இன்று மாறலாமா? இணையச் செயலி கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் தொடங்கியிருந்த நேரம். இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர், மண்டிக் கணக்குக்காகத் தாங்கள் உருவாக்கிய இணையச் செயலியை என்னிடம் காட்ட வந்தார்கள். 840 கிலோ பெங்களூரா மாங்காய், கிலோ 12 ரூபாய், மொத்தம் 10,080 ரூபாய் என்று ஒரு பில் போட்டுக் காட்டினார்கள். திரை அழகாக இருந்தது. "மறுநாள் விலை 9 ரூபாய்க்கு இறங்கிவிட்டது, மாற்றுங்கள்" என்றேன். மாற்றினார்கள். "இப்போது முதல் நாள் பில்லைத் திறந்து காட்டுங்கள்." திறந்தார்கள். புதிய விலையை எடுத்துப் பெருக்கி அது 7,560 ரூபாய் என்றது. விற்று முடிந்த சரக்கில் விவசாயிக்கு 2,520 ரூபாய் குறைந்துபோயிருந்தது.

"சார், ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்களே" என்றான் ஒருவன். உண்மைதான். தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறை தொடர்புசார் தரவுத்தள மாதிரி; 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த அந்த மாதிரியின் வழியில் வந்த நல்ல விதி அது. ஆனால் "பெங்களூராவின் இன்றைய விலை" என்பதும் "இந்தச் சரக்கு விற்ற விலை" என்பதும் ஒரே தகவல் அல்ல. முதலாவது தினமும் மாறும். இரண்டாவது விற்ற நொடியிலேயே உறைந்துவிடும். ஆகவே விற்ற விலையை பில் அட்டவணையிலேயே எழுதி வைக்க வேண்டும். மண்டியில் கணக்கு எழுதுபவர் சீட்டில் எடைக்குப் பக்கத்தில் விலையையும் எழுதுகிறாரே, அதுவும் இதற்காகத்தான். அந்தச் சீட்டை இவர்கள் மூவரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

என் அனுபவத்தில் மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுதான். கருவியை முதலில் தேர்ந்தெடுக்கிறோம், திரையை வரைகிறோம், அட்டவணைகளைப் போடுகிறோம். வேலை நடக்கும் இடத்துக்குக் கடைசியில் போகிறோம், அல்லது போவதே இல்லை. இராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டானாலும் தருமபுரி புளி வியாபாரமானாலும், அங்கே புழங்கும் ஒரு சீட்டையும் ஒரு நோட்டையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அட்டவணை வரையுங்கள். அந்தக் காகிதத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.

பணம் என்றதும் இன்னொன்று. ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். 0, 1 மட்டுமே கொண்ட கணினியின் இருமக் கணக்கில் இந்தப் பின்னங்களைத் துல்லியமாக எழுத முடியாததே காரணம். தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் தரவுத்தளத்தின் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தை எங்கிருந்தோ நகலெடுத்து வைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது ஒரு பெயரும் இனிஷியலும்தான். அந்தப் பெட்டியில் ஒரு விவசாயி எதை நிரப்புவார்? ஆங்கில எழுத்து மட்டுமே செல்லும் என்ற நிபந்தனை இருந்தால் தமிழில் தட்டச்சு செய்த பெயரைச் செயலி "தவறு" என்று திருப்பி அனுப்பும். ஒருவரின் பெயரையே தவறு என்று சொல்லும் செயலியை அவர் ஏன் நம்ப வேண்டும்? நீளத்திலும் கவனம் தேவை. "கிருஷ்ணகிரி" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது பதினொன்று. பத்து எழுத்து போதும் என்று வரம்பு வைத்தால் நம் மாவட்டத்தின் பெயரே உள்ளே நுழையாது.

இனி, கூடுதல் ஆபத்தான தவறு. எடைப் பெட்டியில் -500 என்று அடித்தேன். பிரவுசர் உடனே தடுத்தது. மூவரும் மகிழ்ந்தார்கள். பிரவுசரிலேயே பக்கத்தின் நிரலைப் பார்த்து மாற்ற உதவும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்த நிபந்தனையை அழித்துவிட்டு அனுப்பினேன். சர்வர் மறுபேச்சில்லாமல் பதிந்துகொண்டது. பிரவுசரில் செய்யும் சோதனை பயனருக்கான உதவி மட்டுமே. பாதுகாப்பு சர்வரில்தான் இருக்க வேண்டும். பயனர் தட்டச்சு செய்ததை, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு அப்படியே ஒட்டுவதும் இதே குற்றம்தான்; அவர் அடித்ததும் கட்டளையாகிவிடும். மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் முறை இதற்கென்றே இருக்கிறது. கடவுச்சொல்லை யாரும் படிக்கும்படி சேமிக்காதீர்கள். பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2 முறை கொண்டு ஹாஷ் செய்து, அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியாக மாற்றி, வையுங்கள். கல்லூரி புராஜெக்ட்தானே என்று விடாதீர்கள். அதில் பதிவு செய்பவர் தன் மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல்லை வைத்திருக்கக்கூடும்.

திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று கேட்டால் அமைதி. ரியாக்ட் 2013-இல் வெளியானது. படிவங்கள் இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பான எச்டிஎம்எல் 2.0-விலேயே இருந்தன. பழையதை முதலில் படியுங்கள். எந்தக் கட்டமைப்பும் இல்லாமல் ஒரு படிவம், ஒரு சர்வர், ஒரு அட்டவணை. டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்து, கோரிக்கை எப்படிப் போகிறது, சர்வரின் பதில் எண்களான 200 (சரி), 404 (கிடைக்கவில்லை), 500 (சர்வரில் பிழை) எப்போது வருகின்றன என்று ஒரு வாரம் பாருங்கள். அதன்பின் ரியாக்ட் படிப்பது எளிதாகிவிடும்.

சொந்த மடிக்கணினியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் போதாது. அங்கே சர்வர் பக்கத்திலேயே இருக்கிறது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும். பொத்தானை அழுத்துகிறார், சக்கரம் சுற்றுகிறது, பொறுமை இழந்து மறுபடி அழுத்துகிறார். ஒரே சரக்குக்கு இரண்டு பில். படிவம் திறக்கும்போதே அதற்கொரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிய பில் போடாதபடி செய்ய வேண்டும். பிரவுசரிலேயே இணைய வேகத்தைக் குறைத்துச் சோதிக்கலாம். விலை குறைந்த கைபேசி ஒன்றிலும் திறந்து பாருங்கள்.

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளின் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும். தரவுத்தளக் கடவுச்சொல்லை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர்கள். பின்னால் அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். ஆயத்த புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓசூரிலோ பெங்களூரிலோ நேர்காணலில் "இந்த அட்டவணையை ஏன் பிரித்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த நிரலும் அப்படித்தான். ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அந்த மூவரும் மறுவாரம் விடியற்காலையில் மண்டிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பழைய சீட்டைப் படம் எடுத்து வந்து காட்டினார்கள். எடை, விலை, கழிவு, இறக்குகூலி எல்லாம் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு தொகை: விவசாயி ஏற்கெனவே வாங்கியிருந்த முன்பணம். அவர்களுடைய அட்டவணைகள் எதிலும் அதற்கு இடமே இல்லை. இப்போது வரைபடத்தை முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.